தவிலுக்கு ஆடிய பிள்ளை

என் மகனுக்கு இசை ஞானம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் என் மாமனார். அப்போது அவனுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து மண்டபம் ஒன்றில். மேளக்காரர்களுக்கு எதிரே முதல் வரிசையில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தவிலில் கை விழுந்ததுதான் தாமதம், பிள்ளை மடியில் எழும்பி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் ஆட்ட ஆரம்பித்தான். சும்மா ஆட்டமில்லை. அடிக்கு அடி சரியாக இருந்தது. தவில்காரர் வேகத்தைக் கூட்டினால் இவனும் கூட்டினான். அவர் கையை நிறுத்தினால் இவனும் நின்றான். அவருக்கே சிரிப்பு வந்து, இவனுக்கென்று தனியாகக் கொஞ்சம் வாசித்துக் காட்டினார்.

மாமனார் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு முத்திரை குத்திவிட்டால்தான் அவருக்கு நிம்மதி. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போய், "பாத்தியளா, பேரன் தவிலுக்கு ஆடுதான் பாத்தியளா" என்று சொல்லிவிட்டு வந்தார். "இவன் வித்வான்தான். வேற பேச்சே கெடையாது" என்று அன்றைக்கே குத்திவிட்டார்.

நடுவில் தவில் ஓய்ந்து நாயனம் மட்டும் தனியாகப் போனது. அந்த நேரத்தில் பிள்ளை என் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதையும் நாங்கள் பார்த்தோம். அதற்கும் மாமனாரிடம் விளக்கம் இருந்தது. "ராகம் அவனுக்குச் சள்ளையா இருக்கு. இவன் தாளக்காரன்லா." எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

நான் பாடுவேன் என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. டவுனில் என் பிறந்த வீடு இருந்த தெருவில் பெண்பிள்ளைகள் எல்லாரையும் பாட்டு வகுப்புக்கு அனுப்புவார்கள், கல்யாணப் பேச்சு எடுக்கும்போது சொல்லிக்கொள்ள உதவும் என்று. மற்றவர்கள் கொஞ்ச நாளில் நின்றுகொண்டார்கள். எனக்கு விட மனசில்லை. கல்லூரி முடிகிறவரை போனேன். பெண் பார்க்க வந்தபோது பாடச் சொன்னார்கள், பாடினேன், மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு என்னை யாரும் பாடச் சொன்னதில்லை. அதை ஒரு கொடுமையாகச் சொல்லவில்லை. கரண்டி பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் போய் யார் பாட்டுக் கேட்பார்கள்?

கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மாமனார் அம்பாசமுத்திரத்தில் மூத்த மகனோடு இருந்தார். பாளையங்கோட்டையில் வாங்கிப் போட்டிருந்த சின்ன வீட்டில் நான் இருந்தேன். பூட்டிப் போட்டால் கறையான் ஏறிவிடும் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆக, கறையானுக்குக் காவல் நான். பகலில் வேலை இருக்கும், காய்கறிக்காரர் வருவார், அடுத்த வீட்டில் பேச்சு கேட்கும். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது திடீரென்று தெரியும். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் சமைப்பேன்.

அதனால் பிள்ளை உண்டானதும் நான் செய்த முதல் காரியம் பாட ஆரம்பித்ததுதான். வளைகாப்பில் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டு, "உள்ள இருக்க பிள்ள இந்தச் சத்தத்தக் கேட்டு வளரட்டும்" என்றார்கள். வளையல் சத்தத்தைக் கேட்கிற பிள்ளை பாட்டைக் கேட்காதா? காலையில் ஒரு பாட்டு, அரிசி களையும்போது ஒரு பாட்டு, படுக்கும்போது ஒரு பாட்டு. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, சுருதி விலகாமல். வித்வத்சபையில் பாடினால்கூட அவ்வளவு கவனமாகப் பாடியிருக்க மாட்டேன். எனக்கு ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார், எழுந்து போக வழியில்லாத ரசிகர்.

பிறந்த பிறகும் நிறுத்தவில்லை. குளிப்பாட்டும்போது ஒன்று, சோறு ஊட்டும்போது ஒன்று, தூளியை ஆட்டும்போது ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு இசை கேட்கக் கொடுத்தால் புத்தி நன்றாக விளையும் என்று எங்கேயோ படித்திருந்தேன். புத்தி கிடக்கட்டும், அவன் பார்த்த பார்வைதான் என்னைப் பாட வைத்தது. நான் வாயைத் திறந்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு என் வாயையே பார்ப்பான். கண்ணை எடுக்க மாட்டான். நான் சிரித்தால் சிரிப்பான். வீட்டிலிருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டுப் போட்டால் தவழ்ந்து போய் அதில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்பான்; அப்படியே அதில் சாய்ந்து தூங்கியும் இருக்கிறான். அதைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். அவர் அறையில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். மாமனார் மாதத்துக்கு ஒருதடவை பஸ் ஏறி வந்து, டிபன் தட்டில் தாளம் போட்டுக் காட்டிப் பேரனை ஆடவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார்.

பேச்சு மட்டும் வரவில்லை. ஒன்றரை வயது தாண்டியும் அம்மா என்று சொல்லவில்லை. "ஆம்பளப் பிள்ள, பைய பேசுவான்" என்றார் மாமனார். நானும் பேச்சைப் பற்றிக் கவலைப்படவில்லை. எங்களுக்குள்தான் பாட்டு இருந்ததே.

அடுத்த வீட்டில் மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாவைத் தெருவில் எல்லாரும் லாத்தா, அதாவது அக்கா, என்பார்கள், நானும் அப்படித்தான். அவர் வீட்டுக்காரரும் வளைகுடாவில்தான் இருந்தார். நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர் அடுப்படி வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். குக்கர் விசில் அடித்தது. லாத்தா திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார். பிள்ளை அசையவில்லை.

"ஏம்மா, விசிலுக்கு ஒம் புள்ள திரும்பவே இல்லியே."

"தெனமும் கேக்குதான்லா லாத்தா. பழகிப்போச்சு."

லாத்தா தன் போனை எடுத்து, அவன் தலைக்குப் பின்னால் பிடித்து, மணியை ஒலிக்கவிட்டார். பிறகு அவனுடைய செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார். அவன் ஒரு மூடியின் மேல் இன்னொரு மூடியை வைத்தான்.

"அல்லா காவலு. ஒருதரம் காது டாக்டர்ட்ட காட்டிருமா" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தவிலுக்கு அடிக்கு அடி ஆடுகிற பிள்ளை, என் பாட்டுக்குக் கண்ணெடுக்காமல் உட்காருகிற பிள்ளை, அவனுக்குக் காது கேட்கவில்லையாமே! "ஒங்க கஞ்சிப் பாத்திரத்த நாளைக்குத் தாரேன்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் பாத்திரத்தைக் கழுவி அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை இல்லை.

ஆனால் சொல்லிவிட்டுப் போனது போனதுதான். ஒரு காலை நேரம், அவன் அதேபோல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நான் வழக்கமாக அவன் எதிரே உட்கார்ந்துதான் பாடுவேன். அன்றைக்குப் பின்னால் நின்று பாடினேன். அவனுக்கு மிகவும் பிடித்தது என்று நான் நினைத்திருந்த பாட்டை முழுக்குரலில் பாடினேன். அவன் திரும்பவில்லை. உச்சத்துக்குப் போகிற இடத்தில், சொல்லின் பாதியில், சட்டென்று நிறுத்தினேன். பாட்டுக் கேட்கிற யாரும், பிடிக்காமல் கேட்கிறவர்கூட, அந்த இடத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவன் பார்க்கவில்லை. அவனுக்குப் பாட்டு ஆரம்பித்ததும் தெரியாது, நின்றதும் தெரியாது. நான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாகக் கையைத் தூக்கினான்.

லாத்தா வீட்டுக் கதவைத் தட்டி அழுதேன். அவர்தான் என்கூடக் காது பரிசோதனைக்கு வந்தார்.

சத்தம் புகாத அறைக்குள் அவனை என் மடியில் வைத்து என்னென்னவோ ஒலிகளை விட்டார்கள். எனக்குக் காது வலிக்கிற அளவுக்குப் போன பிறகும் அவன் என் வளையலைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். அப்படியானால் தவில்? பரிசோதித்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தவில் பக்கத்தில் அடித்தால் அதிர்வு நெஞ்சில் விழும், தரையில் வரும், மடியில் வரும். ஸ்பீக்கர் பெட்டியிலும் அதுதான். நாயனத்தில் அந்த அதிர்வு கிடையாது. கேட்காத பிள்ளைகள் உடம்பால் பிடித்துக்கொள்வார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறது என்று நம்பிப் பிந்தி வருகிறவர்கள் நிறைய என்றார். அவன் என் வாயைக் கண்ணெடுக்காமல் பார்த்ததற்கும் காரணம் பாட்டில்லை. அசைகிற வாயை எந்தப் பிள்ளையும் பார்க்கும்.

மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"செவிட்டுப் பிள்ள தவிலுக்கு ஆடுமாம்மா? மண்டபமே பாத்துச்சே! அவுங்க மிஷின்ல கோளாறு."

"மிஷின்ல கோளாறு இல்ல மாமா."

"நீ எத்தன பாட்டுப் பாடிருப்ப அவனுக்கு!"

  மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேரனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். கணவர் போனில் டாக்டர் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "வைத்தியம் இருக்குல்லா? செய்வோம்" என்றார். அவர் அங்கே தனியாக எப்படி அழுதாரோ, எனக்குச் சொல்லவில்லை.

எல்லாரும் பிள்ளைக்காக அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்குள் இன்னொரு அழுகையும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நான் தனியாக இல்லை என்று நினைத்திருந்தேன். வயிற்றில் கை வைத்துப் பாடிய நாளிலிருந்து எனக்குக் கூட ஆள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அத்தனை பாட்டையும் நான் சுவருக்குத்தான் பாடியிருக்கிறேன். என் குரலை ஒரு நாளாவது இவன் கேட்பானா? அதற்குப் பிறகு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். புத்தி விளையாவிட்டாலும் பரவாயில்லை, வித்வானாக வேண்டாம். நான் பாடுவது இவன் காதில் விழ வேண்டும்.

வேண்டியதென்னவோ அது, ஆனால் பாடுவதை நிறுத்திவிட்டேன். கேட்காத பிள்ளை முன்னால் வாயைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

முதலில் காதில் மாட்டும் கருவி கொடுத்துச் சில மாதம் பார்த்தார்கள். பலனில்லை. பிறகு ஆபரேஷன் செய்து காதுக்குள்ளே ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். வெளியே காதின் மேல் ஒரு இயந்திரம் மாட்ட வேண்டும். அதிலிருந்து வருகிற ஒயரின் முனையில் ஒரு வட்டம், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். புண் ஆறிய பிறகு ஒரு நாள் வரச்சொல்லி அதை முதல்தடவையாக ஓடவிட்டார்கள். போனில் எத்தனையோ பேர் அனுப்பிய படங்களில் அந்த நேரத்தில் பிள்ளைகள் கண் விரியச் சிரிக்கும். கணவர் வீடியோ அழைப்பில் காத்திருந்தார். என் பிள்ளை வீறிட்டு அழுது, வட்டத்தைப் பிய்த்து எறிந்து, மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டான். அவன் கேட்ட முதல் சத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அது என் குரல். "ராசா" என்று கூப்பிட்டிருந்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு லாத்தாவோடு ஒரு சின்னப் பெண்ணிடம் போனோம். கெட்டிக்காரி, கண்டிப்பானவள். "இனிமே வீட்ல நீங்க வாய மூடவே கூடாதுக்கா. செய்றது எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே செய்யணும். பாடணும். பாட்டுல சொல்லு நீளுது, திரும்பத் திரும்ப வருது. பிள்ளைங்க அதத்தான் மொதல்ல பிடிக்கும்" என்றாள்.

"பாட்டு எனக்கு வராதும்மா" என்றேன். லாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

அவள் விடவில்லை. தினமும் காலையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாக ஒலிக்க வேண்டும். கேட்டால் அவன் ஒரு பொத்தானை டப்பாவில் போட வேண்டும். ஊ என்றால் போடுவான், ம் என்றால் போடுவான். ஸ் என்பது மட்டும் அவனை எட்டவே இல்லை. பாம்பு மாதிரி சீறிச் சீறி எனக்குப் பல்தான் உலர்ந்தது. பால்காரர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "வீட்ல வேற ஆரும் இல்லயாம்மா?" என்று விசாரித்தார். பகலெல்லாம் பேசினேன். தோசை ஊத்துதேன், திருப்பிப் போடுதேன், தட்டுல வைக்கேன், சட்னி ஊத்துதேன். பதில் வராத பேச்சைப் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். தனியாக இருப்பதைவிட அது மோசம்.

மெல்லப் பாடவும் ஆரம்பித்தேன், அந்தப் பெண்ணின் நச்சரிப்பு தாங்காமல். ஒருநாள் அவளிடம் கேட்டேன், நான் பாடுவது அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று. அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அந்தக் கருவி வழியாக ஒரு பாட்டு எப்படிக் கேட்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டுச் செய்த ஒலி. பெண்குரல் பாட்டாம். தகர டப்பாவுக்குள் தேங்காய் துருவுவதுபோல் இருந்தது. தாளம் தெரிந்தது, சொல்லும் அரைகுறையாகத் தெரிந்தது. ராகம் என்ற ஒன்று அதில் இல்லவே இல்லை.

"இதே மாதிரிதான் கேக்கும்னு இல்லக்கா. அவனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுல்ல, மூள பழகிக்கும். ஆனா நாம கேக்குற மாதிரி இருக்காது" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, இயந்திரம் மாட்டிய தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நான் அவனுடைய காதின் மேலிருந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சின்ன வயதிலிருந்து நான் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த குரல், ஒரு ஸ்வரத்தை நிற்க வைக்க ஒரு மாதம் பாடுபட்ட குரல், அந்தப் பெட்டிக்குள் போனதும் தேங்காய்த் துருவலாகிவிடுகிறது. அவன் கேட்பது என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. நான் பாடுவது என்னவென்று அவனுக்கும் தெரியப்போவதில்லை.

விடுமுறை நாட்களில் அவனைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஆற்றில் இறங்குமுன் இயந்திரத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து மூடிவிட வேண்டும். கழற்றியதும் அவன் முகம் தளர்ந்து இலேசாகிவிடும். முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்து அடித்துச் சிரிப்பான். அவனுக்கு அங்கே சத்தமே இல்லை. எனக்கோ தண்ணீர் கல்லில் மோதுகிறது, துணி அடிக்கிறார்கள், கோயிலில் மணி அடிக்கிறது. அவன் பழைய ஊருக்குப் போய்விட்டதுபோலவும், நான் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டதுபோலவும் தோன்றும்.

ஒருநாள் படியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே பாட ஆரம்பித்துவிட்டேன். பயிற்சிப் பாட்டு இல்லை, எனக்கான பாட்டு. ராகத்தை விரித்து, இழுத்து, நினைத்த இடத்தில் நின்று பாடினேன். அவனுக்குக் கேட்காது என்பதால்தான் அன்றைக்கு அப்படிப் பாட முடிந்தது. கீழ்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "என்னமாப் பாடுதிய! ஒங்க பிள்ள குடுத்து வச்சவம்மா" என்றார். ஆமா என்றேன்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ச வருகிற இடமெல்லாம் விழுங்கிவிடுவான். சோறு அவனுக்கு ஓறுதான். வாக்கியம் குட்டையாக இருக்கும். என்னோடு பேசுவான், லாத்தாவோடு பேசுவான், தாத்தாவிடம் போனில் "வாங்க" என்பான். பாட்டு மட்டும் அவன் வாயில் வரவே இல்லை. நான் பாடும்போது அவன் பாட்டுக்கு ஏதாவது செய்துகொண்டிருப்பான். முன்னால் என் வாயையாவது பார்த்தான், இப்போது அதுவும் இல்லை. காதில் விழுகிறதா, விழுந்தும் வேண்டாமென்று விடுகிறானா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுப் பார்த்தால் தோளைக் குலுக்குவான்.

போன மழைக்காலம் முடிந்த சமயம். பள்ளி விடுமுறை நாள், காலை. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, பின்னால் நின்று தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். ச அவன் நாக்கில் ஏறட்டும் என்று நானே கட்டிய ஒரு பாட்டை அந்த மாதம் முழுவதும் பாடிக்கொண்டிருந்தேன். கட்டினேன் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டே அடி.

ஆத்தோரம் நாணலுக்கு ஆடச் சொன்னது ஆரு?
காத்து வந்து சொல்லிச்சு, கரையில் வந்து பாரு.

வழக்கம்போல் அவன் கேட்கிறானா என்று தெரியாமல், அதை இப்போதெல்லாம் எதிர்பார்க்கவும் செய்யாமல், சிக்கெடுத்துக்கொண்டே பாடினேன். முதல் அடியை முடித்து மூச்சு எடுத்தபோது அவன் சட்டென்று திரும்பி, எம்பி, என் வாயைப் பொத்தினான்.

"இரும்மா."

"என்னல?"

"பாடாத. உப்புத் தாத்தா வாராவ."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாத்தா வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஆளில்லை. இவனாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் கை என் வாயிலேயே இருந்தது. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. மிக்ஸி நின்றது. அதற்குப் பிறகுதான், தெருமுனைக்கும் அப்பாலிருந்து, மெலிதாக எனக்கும் கேட்டது. மூன்று சக்கர வண்டியில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு, வாயாலேயே கூவி விற்கிற பெரியவரின் குரல். உப்பேய், உப்பு.

பாட்டிலும் மிக்ஸியிலும் எனக்குத் தவறிப்போன சத்தம், இயந்திரம் மாட்டிய காதை ஜன்னலோரம் வைத்து அதற்கென்றே காத்திருந்த அவனுக்குக் கேட்டிருக்கிறது. அதைவிட, என் பாட்டு அவனுக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. கேட்காத பாட்டு எப்படி இடைஞ்சலாகும்? கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஓடிப்போய் லாத்தாவிடம் சொல்ல வேண்டும், மஸ்கட்டுக்குப் போன் போட வேண்டும் என்று மனசு பறந்தது. வாயைப் பொத்திக்கொண்டிருக்கும்போது எங்கே போவது? அப்படியே நின்றேன்.

உப்பு வண்டி எங்கள் வீட்டைத் தாண்டியது. அவன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அந்தக் கூவல் அடுத்த தெருவுக்குள் திரும்பித் தேய்ந்து போகிறவரை கேட்டான். அவசரமே இல்லாமல், கடைசிவரை கேட்டான். பிறகு கையை எடுத்துவிட்டு முன்பக்கம் திரும்பி ஒழுங்காக உட்கார்ந்தான்.

"ம். பாடு."

 எந்த இடத்தில் விட்டேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. சீப்பைப் பிடித்தபடி நின்றேன். அவன் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தான். பொறுமை போய்விட்டது.

"காத்து வந்து ஒல்லிச்சு" என்றான்.

ராகம் இல்லை, சுருதி இல்லை. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதும் உள்ளேன் ஐயா என்பதுபோல் ஒரே குரலில் சொன்னான். தாளம் மட்டும் கச்சிதமாக நான் விட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தது. பின்னால் நின்று, அவன் பார்க்காத வாயால், கேட்கிறானோ இல்லையோ என்று நான் பாடிய ஒவ்வொரு நாளும் அவன் கேட்டிருக்கிறான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்தடவையாக நான் தனியாகப் பாடவில்லை.

"வேகமாப் பாடு" என்றான். அவன் எடுத்துக்கொடுத்த இடத்திலிருந்து பாடினேன்.